கால் நிலைக்கும் ஆழம்

இவர் ஆரஞ்சுப் பழத்தைக் கடலில் எறிந்தார். பக்கத்தில் மணலைக் குவித்துக் கோட்டை கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நல்ல பழம். காலையில் நானே அழுத்திப் பார்த்து வாங்கியது. அது ஓர் அலையின் மேல் ஏறி இறங்கி, கரைக்கு வருவதுபோல் வந்து, பாதியில் மனசு மாறி வலது பக்கமாக நகரத் தொடங்கியது. இவர் இடுப்பில் கை வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அது போகிற வழியையே பார்த்தார். முழுக்கைச் சட்டை, இஸ்திரி போட்ட கால்சட்டை, காலில் சாக்ஸும் ஷூவும். கடற்கரைக்கு ஷூ போட்டு வருகிற மனிதரை நான் என் வீட்டுக்காரரைத் தவிரப் பார்த்ததில்லை.

"இழுக்குது," என்றார்.

"எங்க இழுக்குது? பக்கவாட்டுலதான போகுது."

"பக்கவாட்டுல இழுக்கறதும் இழுக்கறதுதான். இங்க வேணாம்."

அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. என் தோளில் தொங்கிய பைக்குள் நானே தைத்த நீச்சல் உடை தண்ணீரைக் காணாமல் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். கோட்டை கட்டிய பிள்ளைகளில் ஒன்று தண்ணீருக்குள் ஓடிப்போய்ப் பழத்தை எடுத்து வந்து, உரிக்கலாமா என்று கண்ணாலேயே என்னைக் கேட்டது. உரித்துக்கொள் என்று தலையாட்டினேன். அந்தப் பிள்ளைக்கு முழங்கால்கூட நனையவில்லை என்பதை இவரிடம் காட்டலாம் என்று திரும்பினால், இவர் வண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

நான் தையல்காரி. எங்கள் தெருவில் பாதிப் பேருடைய இடுப்பளவும், அது போன வருஷத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும், வெளியே மூச்சுவிட்டதில்லை. பள்ளிச் சீருடை, கால்சட்டை, பாவாடை, மாப்பிள்ளை கோட்டு என்று எது வந்தாலும் மெஷின் மேல் குனிந்து குனிந்தே காலம் போனதில் முதுகு ஒரு நாள் நிமிர மாட்டேன் என்று சொல்லிவிட்டது. மாத்திரையோடு நீச்சலும் வேண்டும் என்றார் டாக்டர். நகரசபைக் குளத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய காலை நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த பெண் என் மகளைவிடச் சின்னவள். நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை அம்மா என்பாள். முதல் நாள்களில் ஓரத்துக் கம்பியை நான் பிடித்த பிடியைப் பார்த்து அரைக்கால்சட்டை போட்ட வாண்டுகளெல்லாம் சிரித்தன. சிரிக்கட்டும் என்று விட்டேன். இன்றைக்கு அந்த வாண்டுகளுக்கு முன்னால் போய் நான் சுவரைத் தொடுகிறேன். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, நான் நன்றாக நீந்துவேன்.

அந்தச் சுவர்தான் என் பிரச்சினை. கையும் காலும் மூச்சும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய், உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிற நேரத்தில் சுவர் வந்துவிடும். நேர்த்தையல் அருமையாக ஓடிக்கொண்டிருக்கும்போது துணி தீர்ந்துபோவதைப் போல. திரும்ப வேண்டும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுவரே இல்லாத தண்ணீரில் ஒரே ஒரு தடவை, போதும் என்று எனக்கே தோன்றுகிற வரைக்கும் நேராக நீந்த வேண்டும் என்று ஆசை வந்தது. வாழ்க்கையில் எனக்கு வந்த ஆசைகளில் பெரும்பாலானவை யாருக்காவது எதையாவது செய்து கொடுக்க வேண்டும் என்கிற ஆசைகள். இது அப்படியில்லை. இதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அதனாலேயே எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

"காத்து திரும்பறதுக்குள்ள போயிடுங்கம்மா," என்றாள் டீச்சர். "திரும்பிடுச்சுன்னா கடல் கொந்தளிக்கும், அப்புறம் அடுத்த வருஷம்தான். யாரையாவது கூட வெச்சுக்கங்க, தனியா எறங்காதீங்க."

கூட வைத்துக்கொள்ள எனக்கு ஆளா இல்லை. இவர் கப்பலில் இருந்தவர். தெருவில் கப்பல்காரர் வீடு எது என்று கேட்டால் கைக்குழந்தைகூட எங்கள் வீட்டைக் காட்டும். கப்பலின் அடிவயிற்றில், இயந்திர அறையில் வேலை. மாசக்கணக்கில் போவார், கைநிறையச் சாமான்களோடு வருவார், இரண்டு காதிலும் இயந்திர இரைச்சல் தீராமல் ஒரு வாரம் எல்லோரிடமும் கத்தியே பேசுவார், பிறகு மறுபடி போவார். இப்போது ஓய்வு பெற்று வீட்டோடு வந்துவிட்டார். ஆனால் கை சும்மா இருப்பதில்லை. ஃபிரிட்ஜின் முதுகில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்பார். மின்விசிறி மோட்டாரைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். எதைப் பார்த்தாலும் முதலில் இதில் என்ன கோளாறு என்றுதான் பார்ப்பார், கண்டுபிடித்தும்விடுவார். இவர் வந்த பிறகு என் தையல் மெஷின் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. படுத்தால் இந்த மனுஷன் விடமாட்டார் என்று அதற்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடலில் நீந்தப் போகிறேன் என்று சொன்னபோது இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஒரே ராத்திரியில் முடித்திருப்பேன். "எடம் பாத்துதான் எறங்கணும்," என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின.

எங்கள் ஊரில் கடற்கரைக்குப் பஞ்சமில்லை. முதலில் பெரிய கடற்கரைக்குப் போனோம். ஊரே வந்து காலை நனைத்துவிட்டுப் போகிற இடம். பலூன்காரர், ஐஸ் வண்டி, குதிரை, குதிரையைப் பார்த்து அழுகிற குழந்தை எல்லாம் உண்டு. இவர் கரையில் நின்று இடமிருந்து வலம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இந்தக் கூட்டத்துல உன் தலை எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்," என்றார். நியாயம்தான் என்று பட்டது. அடுத்த வாரம் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற கடற்கரை. அலையைத் தடுக்கக் கல் கொட்டியிருப்பதால் தண்ணீர் தொட்டித் தண்ணீர் போலக் கிடந்தது, மனுஷ நடமாட்டமும் இல்லை. இவர் குனிந்து உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளி முகர்ந்து, "டீசல்," என்றார். ஆனாலும் அங்கிருந்து உடனே கிளம்பவில்லை. தூரத்தில் நின்ற ஒரு கப்பலின் புகைபோக்கியைப் பார்த்தபடியே இருந்தார். அது சரியாக எரியவில்லையாம், புகை கறுப்பாக வருகிறதாம். அந்தக் கப்பல்காரர்களை யாராவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்கிற அளவுக்குக் கவலைப்பட்டார். மூன்றாவதுதான் ஆரஞ்சு வலப்பக்கம் போன கடற்கரை. ஆறு கடலில் சேரும் இடத்துக் கடற்கரைக்கு வண்டியைக்கூட நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டே, "ஆத்துமுகம், அடியில குழி இருக்கும்," என்று சொல்லி முடித்துவிட்டார்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணம் ஒவ்வொன்றும் சரியாகவும் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. சாக்குப்போக்கு சொல்கிற ஆளிடம் சண்டை போடலாம், சரியான காரணம் சொல்கிற ஆளை என்ன செய்வது. மகளிடம் போனில் புலம்பினேன்.

"அப்பா சொன்னா கேளும்மா," என்றாள். "அவருக்குத் தெரியாத கடலா? அவர் கூட நிக்கறப்ப உனக்கு என்ன பயம்."

"எனக்குப் பயம்னு யாருடி சொன்னா," என்று வைத்துவிட்டேன்.

காலையில் துணி உலர்த்தும்போது காற்றைப் பார்க்க ஆரம்பித்தேன். இன்னும் நிலத்திலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது. ஆனால் சில நாள் மத்தியானங்களில் கொடியில் கிடந்த துணிகள் ஒரு நிமிஷம் எந்தப் பக்கம் ஆடுவது என்று தெரியாமல் தொங்கின. இதைத் தவறவிட்டால் இன்னொரு வருஷம். அடுத்த வருஷம் என் முதுகு என்ன சொல்லும், யார் வீட்டில் என்ன வரும் என்று எனக்கு என்ன தெரியும். இப்போது முடிகிறது, இப்போதே செய்ய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏறும்போதே, "இந்தத் தடவை எடம் நான் சொல்றேன்," என்றேன். இவர் ஆரஞ்சுப் பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டார்.

நான் சொன்னது பாறைக் கடற்கரை. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் பிறை போல மணல். இவர் வண்டிக்கு நிழல் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் டீக்கடைக்குப் பின்னாலிருந்த மறைப்பில் உடையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். முழுக்கை, கணுக்கால் வரை கால், கழுத்தில் ஜிப்பு; யாரும் எதுவும் சொல்ல முடியாத உடை, உட்தையல் ஒவ்வொன்றும் இரட்டைத் தையல். இடம் பார்த்தேன். இடது பக்கம் அலை அலையாக வெள்ளை நுரை. வலது பக்கமும் அப்படியே. நடுவில் மட்டும் ஒரு துண்டுத் தண்ணீர் நுரையில்லாமல், அலை உடையாமல், இஸ்திரி போட்ட துணியைப் போல அமைதியாகக் கிடந்தது. சுருக்கமில்லாத துணியைக் கண்டால் என் கை தானாகப் போகும். நேராக அதற்குள் இறங்கினேன். கணுக்கால், முழங்கால், தொடை. தண்ணீர் குளிர்ந்தது, பிறகு பழகியது. சந்தோஷத்தில் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பின்னால் தண்ணீர் அடிபடுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் இவர். ஷூவோடு முழங்கால் ஆழத்தில் ஓடி வந்துகொண்டிருந்தார். இவர் ஓடி நான் பார்த்தது கிடையாது. என் மேல்கையைப் பிடித்தார், பிடியில் வலித்தது. பேச மூச்சில்லாமல், மறு கையிலிருந்த பழத்தை எனக்கு முன்னால் எறிந்தார்.

அது பக்கவாட்டில் எல்லாம் போகவில்லை. நேராக வெளியே போனது. யாரோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓடுவதைப் போலப் போனது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறைகளைத் தாண்டி ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் எது என்று தெரியாமல் போயிற்று.

"அலையில வந்த தண்ணியெல்லாம் ஏதாவது ஒரு வழியா திரும்பிப் போகணும்ல," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "அதோட வழி இதுதான். அதனாலதான் இங்க அலை ஒடையல."

கரைக்கு வந்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் துணியின் நல்ல பக்கத்தையும் பின்பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், கடலின் பளபளப்பைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். இவர் பக்கத்தில் நின்றார். ஷூவிலிருந்து தண்ணீர் வழிந்து மணல் கறுத்தது. அவர் சொன்னது சரி, நான் செய்தது தப்பு என்பதை மனசுக்குள் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகு எழுந்து மணலைத் தட்டிவிட்டேன்.

"சரி. நடுவுல வேணாம். அந்தப் பக்கம் அலை ஒடையுதுல்ல, அங்க எறங்கறேன்."

"வேணாம்."

"அங்க தண்ணி கரைக்கு வருதுன்னு நீங்கதான இப்பச் சொன்னீங்க."

"வேணாம்னா வேணாம்."

இந்த முறை காரணம் இல்லை. பழம் எறியவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை. இத்தனை வாரமாக நாங்கள் கடற்கரை தேடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் தேடினேன், இவர் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்.

"எந்தக் கடலுமே வேணாம்னு நேராச் சொல்லிடுங்க," என்றேன். "காத்து திரும்பட்டும்னு பாக்கறீங்க. அவ்வளவுதான?"

இவர் குனிந்து ஷூ லேஸை அவிழ்க்கத் தொடங்கினார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. எந்த முடிச்சையும் அவிழ்க்கத் தெரிந்த விரல்கள் அதன் மேல் வெறுமனே கிடந்தன.

"எனக்கு நீச்சல் தெரியாது," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"கப்பல்ல..."

"கப்பல்ல எதுக்கு நீச்சல்? கப்பல் நீந்துச்சு, நான் உள்ள இருந்தேன்." முடிச்சையே பார்த்துக்கொண்டு சொன்னார். "வேலைக்குச் சேர்றப்ப மிதவைச் சட்டையை மாட்டிக் குதிக்கச் சொன்னாங்க. குதிச்சேன். சட்டை மிதந்துச்சு, நானும் மிதந்தேன். பாஸுன்னு எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் எந்தக் கப்பலும் முழுகல. அதனால யாருக்கும் தெரியல."

நான் எவ்வளவோ தடவை கேட்டிருக்கிறேன், லீவில் வரும்போதெல்லாம், வாங்க கடலுக்குப் போகலாம் என்று. கடலைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்பார். மகளை அலையில் கால் நனைக்க விட்டதுகூட நான்தான். கடல்காரருக்குக் கடல் அலுத்துவிட்டது என்று நானும் பெருமையாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பழம் மாதிரி நீ போனா," என்றார், "நான் இங்க ஷூவோட நிப்பேன். பாத்துட்டு நிப்பேன். அதுக்கு மேல என்னால ஒண்ணும் முடியாது. ராத்திரியெல்லாம் அதுதான் வருது."

அழுகையும் கோபமும் எனக்கு ஒன்றாக வந்தன. இவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது. உலுக்குகிற பக்கம்தான் முதலில் ஜெயித்தது.

"நீங்க போறப்பல்லாம் நானும் இப்படித்தான் நின்னேன். புயல்னு ரேடியோவுல சொல்றப்ப, நம்ம பொண்ணு கைப்புள்ளையா மடியில கெடக்கறப்ப. எனக்கும் கப்பல் ஓட்டத் தெரியாதுதான். அதுக்காக உங்களைப் போக வேணாம்னு சொன்னனா?"

டீக்கடையில் யாரோ கண்ணாடித் தம்ளர்களைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

"நீ நின்ன," என்றார் கடைசியில். "எனக்கு நின்னு பழக்கமில்ல."

பக்கத்தில் உட்கார்ந்து அந்த முடிச்சை நான் அவிழ்த்தேன். எனக்கு நகம் இருக்கிறது, ஊசி பிடிக்கிற விரல். லேஸை இழுத்து, ஷூவைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டி, சாக்ஸைப் பிழிந்து மணலில் விரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இவர் வெறுங்காலோடு வண்டி ஓட்டினார். பின்னால் உட்கார்ந்து இவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. நாங்கள் இதுவரை எனக்கு ஏற்ற கடற்கரையைத் தேடியிருக்கிறோம். எனக்கு எதுதான் ஏற்றதில்லை? இவருக்கு ஏற்றதாக ஒன்று வேண்டும்.

இவர் உடம்பின் அளவு எனக்கு மனப்பாடம். தோள், மார்பு, இடுப்பு, தரையிலிருந்து சட்டைப் பை எவ்வளவு உயரம், எல்லாம். இவருக்கு மார்பு வரைக்கும் வருகிற தண்ணீர் எனக்குத் தோளுக்கு வரும். அந்த வாரம் தையல் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு பஸ் பிடித்துப் போனேன், கடற்கரை கடற்கரையாக. நான் போட்டியில் கலந்துகொள்ளப் போகிறேன் என்று பக்கத்துக் கடைக்காரி நினைத்துக்கொண்டாள், நினைக்கட்டும். இப்போது எனக்கு அலை முக்கியமில்லை, காட்சி முக்கியமில்லை. நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு இறங்கி, கடலைப் பார்த்து நேராக நடப்பேன். தண்ணீர் தோளைத் தொடுவதற்குக் கரையிலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது, காலடி மணல் கெட்டியா, உள்வாங்குகிறதா, திடீரென்று சரிகிறதா. பிறகு அதே ஆழத்தில் கரையை ஒட்டியே நடந்து, எவ்வளவு தூரத்துக்குக் கால் நிலைக்கிறது என்று பார்ப்பேன். இடையில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களும் எறிந்தேன். சொல்லிக்கொடுத்த பாடத்தை வீணாக்கக் கூடாது.

கிடைத்தது ஊருக்கு வடக்கே, ஊரில் யாரும் ஒரு பொருட்டாக மதிக்காத ஒரு கடற்கரை. தண்ணீர் செம்மண் கரைத்த நிறம். அலை என்று சொன்னால் மற்ற கடற்கரைகள் சிரிக்கும். கடை இல்லை, குதிரை இல்லை, படம் எடுக்க ஒன்றுமில்லை. ஆனால் நடந்தேன், நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன், தண்ணீர் இடுப்பைத் தாண்ட மாட்டேன் என்றது. மணல் சிமெண்டுத் தரைபோலக் கெட்டி. கரையை ஒட்டி, தூரத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு உடைந்த படகு வரைக்கும் அப்படியே.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். "நான் வெளிய போகப் போறதில்ல. கரையோரமாவே நீளத்துக்கு நீந்தறேன். அங்க சுவர் கிடையாது, எனக்கு அதான வேணும். நீங்க கூடவே நடங்க. உங்களுக்குக் கால் நிலைக்கும், நான் எறங்கி அளந்துட்டேன்."

"அளந்தியா?"

"உங்க அளவுக்குத்தான் பாத்து வெச்சிருக்கேன்."

இவர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். இவர் அப்படிச் சிரிக்கும்போது கழுத்து சிவக்கும். கல்யாணமான புதிதில் இருந்தே அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது வெயில் இன்னும் ஏறவில்லை. இவர் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு நின்றார். அது எதற்கு, இடுப்புக்கு மேல் நனையப் போகிறது என்று நான் சொல்லவில்லை. இயந்திர அறை பூட்ஸுக்குள்ளேயே காலம் கழித்த கால்கள், வெயில் காணாமல் வெளுத்துக் கிடந்தன. கைக்குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டதைப் போல அவை ஈர மணலில் விரல்களைக் குறுக்கிக்கொண்டன. நான் கையைக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு இவராகவே இறங்கினார். முதல் சின்ன அலை வந்தபோது நின்றார், கண்ணை மூடினார். அது போன பிறகு அடுத்த அடியை வைத்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் சட்டை ஊதிக்கொண்டு எழும்பியது. அதை இரண்டு கையாலும் அமுக்கினார். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது.

"இங்க பாருங்க," என்றேன். "நான் எடப்பக்கம்தான் மூச்சு எடுப்பேன். வலப்பக்கம் எனக்கு இன்னும் வரல. படகை நோக்கிப் போறப்ப கரை எனக்கு எடப்பக்கம். நீங்க எனக்கும் கரைக்கும் நடுவுல நடந்தீங்கன்னா, ஒவ்வொரு தடவை தலையைத் திருப்பறப்பவும் உங்களைப் பாப்பேன்."

"திரும்பி வர்றப்ப?"

"வர்றப்ப எடப்பக்கம் கடல்தான் இருக்கும். பரவால்ல, அதையும் பாக்கத்தான வந்தேன்."

இவர் கரையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். தலையாட்டினார். நான் முகத்தைத் தண்ணீரில் வைத்தேன்.

குளத்துத் தண்ணீர் உடம்பைத் தாங்கும், அவ்வளவுதான். இது அடியில் கை கொடுத்துத் தூக்கியது, பிறகு இறக்கியது, மறுபடி தூக்கியது. முதலில் வாய்க்குள் உப்பு போயிற்று. பிறகு அதன் ஏற்ற இறக்கத்தோடு கையை ஒத்துப்போக வைத்தேன். மூச்சுக்குத் தலையைத் திருப்பினேன், இவர் சட்டை. மறுபடி திருப்பினேன், இவர் சட்டை, கொஞ்சம் நுரை, பின்னால் கரை. சுவர் வருகிற நேரம் வந்தது. என் தோள்கள் திரும்புவதற்குத் தயாராகவே இருந்தன. சுவர் வரவில்லை. அது வராமல் போன அந்த இடத்தைத் தாண்டியபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது, சத்தம் போட்டு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தண்ணீருக்குள் சொன்னேன், குமிழிகளாகப் போயிற்று. முதுகு வலிக்கவில்லை. முதுகு என்று ஒன்று இல்லை. கை விழுந்தது, எழுந்தது, விழுந்தது. இதற்காகத்தான் என்று நினைத்தேன், வேறு எதற்காகவும் இல்லை, இதற்காக மட்டும்தான்.

கடைசிக் கொஞ்ச தூரம் இவர் தெரியவில்லை. தண்ணீரில் நடக்கிறவர் நீந்துகிறவளுக்கு ஈடு கொடுக்க முடியாது, பின்தங்கியிருப்பார். கரையேறிப் போய் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. இந்த அளவுக்கு இறங்கியதே பெரிது. எனக்கும் இப்போது பயமில்லை. உடைந்த படகு பக்கத்தில் வந்ததும், எழுந்து நிற்காமல், குளத்தில் திரும்புவது போலவே உடம்பை உருட்டித் திரும்பினேன். உதைக்கத்தான் சுவர் இல்லை. கையை நீட்டி வந்த வழியே நீந்தத் தொடங்கினேன்.

இப்போது இடப்பக்கம் கடல். முதல் மூச்சுக்குத் தண்ணீரும் வெளிச்சமும் மட்டும் இருந்தன. அடுத்ததற்கும் அதேதான். கரை இல்லாத பக்கத்தைக் கண்ணுக்கு இவ்வளவு கிட்டத்தில், தண்ணீர் மட்டத்திலிருந்து, நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு பெரிசு. அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த மூச்சுக்கும் அதைத்தான் பார்க்கப் போகிறேன் என்று தலையைத் திருப்பினேன்.

இவர் இருந்தார். கரைப்பக்கத்தில் இல்லை. என்னைத் தாண்டி, எனக்கும் கடலுக்கும் நடுவில், நான் மூச்செடுக்கத் திரும்புகிற பக்கத்தில். தண்ணீர் மார்புக்கு மேல் ஏறியிருந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டு, நண்டு போலப் பக்கவாட்டில் காலைத் தேடித் தேடி வைத்து என்னோடு வந்துகொண்டிருந்தார். உதடு அசைந்தது. என் காதில் தண்ணீர், ஒன்றும் கேட்கவில்லை. இவருக்குப் பின்னால் ஒரு சின்ன அலை எழுந்து வந்தது. இவர் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.